லேப்ரடார் நாயை ஆற்று நீருக்குப் பழக்குவது எப்படி?

லேப்ரடார் குட்டியை வாங்கிவந்த வீட்டில் யாராவது ஒருவர் ‘இது தண்ணீர் நாய், தூக்கிப் போட்டால் தானாக நீந்திவிடும்’ என்று சொல்லாமல் இருப்பதில்லை. தாமிரபரணியும், அதிலிருந்து பிரியும் கன்னடியன், கோடகன், பாளையங்கால்வாய்களும், அவை நிரப்பும் குளங்களும் சூழ்ந்த திருநெல்வேலி வட்டாரத்தில் அந்தப் பேச்சைச் சோதித்துப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை என்பதுதான் சிக்கல். நீரின் மேல் இந்த இனத்துக்கு உள்ள நாட்டம் உண்மையானது. ஆனால் நாட்டம் வேறு, நீச்சல் வேறு. முதல் முறை வலுக்கட்டாயமாகத் தள்ளப்பட்ட குட்டி, அதன்பின் படித்துறையைக் கண்டாலே காலை ஊன்றி நின்றுவிடக்கூடும்.

இந்த நாட்டத்தின் வேர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் இருக்கிறது. அங்கே மீனவர்களுக்கு வலை இழுக்கவும், தூண்டிலிலிருந்து நழுவிய மீனைக் கவ்விவரவும் உதவிய நாய்களை 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனுக்குக் கொண்டுசென்று, வேட்டையில் சுடப்பட்ட பறவைகளை எடுத்துவரும்படி வளர்த்தெடுத்தார்கள். அங்கே நாயினங்களைப் பதிவு செய்யும் அமைப்பான கென்னல் கிளப் 1903இல் இதைத் தனி இனமாக ஏற்றது. உள்ளே அடர்ந்த மென்முடியும் வெளியே எண்ணெய்ப்பசை கொண்ட முரட்டு முடியும், அடிப்பக்கம் பருத்து நீர்நாயின் வாலை ஒத்திருக்கும் வாலும் அந்தக் குளிர்கடல் வேலைக்கு ஏற்றவை. விரல்களுக்கிடையே உள்ள சவ்வை மட்டும் சிலர் அதிசயமாகக் காட்டுவார்கள். அது நம் நாட்டினமான சிப்பிப்பாறைக்கும் தெருநாய்க்கும்கூடக் கொஞ்சம் உண்டு.

குளிருக்கென அமைந்த அந்த உடலை நெல்லையின் சித்திரை வெயிலில் ஆற்றுக்குக் கூட்டிப்போகும்போது, ‘தண்ணீரில்தானே இருக்கிறது, சூடு ஏறாது’ என்று நினைப்பது தவறு. வெதுவெதுப்பான தேங்கிய நீரில் ஓயாமல் நீந்தும் நாய்க்கும் உடல் வெப்பம் ஏறும். கரைக்கு நடந்து வரும் தார்ச்சாலையும் கல்படியும் பாதத்தைச் சுட்டுவிடும். ஆகவே காலை 8 மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. கோடைக்காக மொட்டையடிப்பதும் வேண்டாம். அந்த முடி வெயிலிலிருந்து தோலைக் காக்கவும் செய்கிறது. உதிரும் உள்முடியைச் சீப்பால் வாரி எடுத்தாலே போதும்.

குட்டிக்கு முதல் தொடர் தடுப்பூசிகள் முடிந்த பிறகே, அதாவது ஏறத்தாழ 4 மாதம் ஆன பிறகே, பொது நீர்நிலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நோய்க்கான தடுப்பு அதில் அடங்கியிருக்கிறதா என்று தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். வயலும் வாய்க்காலுமான ஊரில் இதை விட்டுவிட முடியாது. உள்ளூர் மருத்துவரிடமோ, இராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ இதை விசாரிக்கலாம். அதுவரை வீட்டு முற்றத்தில் ஓர் அகலமான தொட்டியில் கால் நனையும் அளவுக்குத் தண்ணீர் விட்டு விளையாட விடுங்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும். நாய் தன் காலால் நடந்து இறங்கி, தன் காலாலேயே ஏறக்கூடிய சரிவான மணற்கரைதான் உகந்தது. கார் சாகுபடிக்குத் தண்ணீர் விடும் காலத்தில் கால்வாய்கள் விசையோடு ஓடும். இருபுறமும் செங்குத்தாகக் காங்கிரீட் போட்ட இடத்தில் விழுந்த நாய், எவ்வளவு நன்றாக நீந்தினாலும் ஏற வழியின்றிக் களைத்துப் போகும். அணையில் தண்ணீர் திறக்கும் அறிவிப்பு வந்த நாளிலும் வடகிழக்குப் பருவமழையின்போதும் ஆற்றுப் பக்கமே போகக் கூடாது. அமலைச்செடி மூடிய பகுதியை நாய் தரையென்று நினைத்துப் பாயும். பாபநாசத்தில் பரிகாரத்துக்காக ஆற்றில் விடப்படும் பழந்துணிகள் காலில் சுற்றும். வயலில் மருந்தடித்த சமயத்து வாய்க்கால் நீரும், கோடையில் பச்சைப் பாசி படர்ந்த குளத்து நீரும் நஞ்சாகக்கூடும். பாபநாசத்துக்கு மேலே புலிகள் காப்பகம் என்பதால், அங்கே நாயைக் கொண்டுபோகும் எண்ணமே வேண்டாம்.

மனிதர்கள் குளிக்கும் துறையைத் தவிர்த்து, அதற்குக் கீழே ஆள் புழங்காத இடத்துக்குச் செல்வதே முறை. அமாவாசையன்று இன்னொரு காரணமும் உண்டு: தர்ப்பணம் கொடுத்தவர்கள் கரையில் வைத்த பிண்டச் சோற்றை லேப்ரடார் விட்டுவைக்காது. இந்த இனத்துக்குப் பசி அடங்காது என்ற நம்பிக்கை மட்டும் பெரும்பாலும் சரியானதே. பசி அடங்குவதில் பங்குள்ள ‘பிஓஎம்சி’ என்ற மரபணுவில் ஒரு பகுதி பல லேப்ரடார்களுக்கு விடுபட்டிருப்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் கண்டறிந்தார்கள். அதற்காகக் கேட்கும்போதெல்லாம் போட்டால், பருத்த உடலோடு இடுப்பு மூட்டும் கெடும். வயிறு நிறையத் தின்றவுடன் நீந்தவும் விடக் கூடாது.

முதல் நாள் கழுத்துப்பட்டையில் அல்லாமல், மார்பைச் சுற்றி அணிவிக்கும் பட்டையில் ஐந்தாறு மீட்டர் கயிற்றைக் கட்டுங்கள். நீங்கள் முதலில் முழங்கால் ஆழத்தில் இறங்கி நின்று பேச்சுக் கொடுங்கள். கயிற்றை இழுக்க வேண்டாம். கால் நனைத்ததோடு அது கரையேறினால், அன்றைய பாடம் அவ்வளவுதான். தரை எட்டாத இடத்துக்கு வரும்போது பழகாத நாய் முன்னங்கால்களை நீருக்கு மேலே தூக்கிச் சளசளவென்று அடிக்கும், பின்பக்கம் தாழ்ந்துவிடும். அப்போது அடிவயிற்றில் ஒரு கையைக் கொடுத்து இடுப்பை உயர்த்திப் பிடித்தால், உடல் நீர்மட்டத்துக்கு வந்து கால்கள் நீருக்குள்ளேயே துழாவத் தொடங்கும்; அந்தச் சளசளப்பு அடங்குவதுதான் அது நீந்தத் தொடங்கியதற்கு அடையாளம். முதுகில் கைப்பிடி உள்ள லைஃப் ஜாக்கெட் இந்தக் கட்டத்துக்கு மிகவும் உதவும்.

பிறகு, மிதக்கும் ரப்பர் பொம்மையைக் கைக்கெட்டும் தூரத்தில் வீசிப் பழக்கலாம். தேங்காய் மட்டை மிதக்கும்தான், ஆனால் நாய் அதன் நாரைக் கடித்து விழுங்கும். ஐந்து முதல் பத்து நிமிடத்தில் கரையேற்றி ஓய்வு கொடுங்கள். லேப்ரடார் தானாகப் ‘போதும்’ என்று நிறுத்தாது. வாயைத் திறந்தபடி திரும்பத் திரும்ப எடுத்துவரும் நாய் அளவுக்கு மீறித் தண்ணீரை விழுங்கினால், இரத்தத்தில் உப்புச் சத்து குறைந்து உயிருக்கே கேடு வரலாம். தள்ளாட்டம், வாந்தி, வயிறு உப்பல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

கறுப்பு லேப் முரடு, மஞ்சள் சாது என்றெல்லாம் நிறம் பார்த்து நீச்சல் திறனைக் கணிப்பவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளில் ஒன்று பாயும், ஒன்று பதுங்கும். பதுங்குவதைப் பதுங்க விடுவதே நல்லது.

வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் அலசி, நனைந்த பட்டையைக் கழற்றி, தொங்கும் காதுகளின் உட்புறத்தைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அங்கே ஈரம் தங்கினால் சீழும் நாற்றமும் தொடங்கிவிடும். விரலிடுக்கிலும் காதோரத்திலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். மறுநாள் வால் செயலற்றுத் தொங்கினாலோ, அடியில் தொட்டதும் சிணுங்கினாலோ எலும்பு முறிந்துவிட்டதென்று பதற வேண்டாம். அதிகமாக நீந்திய லேப்ரடார்களுக்கு வரும் இந்தத் தசைவலி பெரும்பாலும் சில நாள் ஓய்வில் தணியும். மனிதர்களுக்கான வலிமாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். வலி குறையாவிட்டால் மருத்துவர் பார்த்து மருந்து சொல்லட்டும்.