டைல்ஸுக்கு முன்னால் தண்ணீர்: பொதுக் கழிப்பறையைப் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேருந்து நிலையக் கழிப்பறையைப் புதுப்பிக்கிறார்கள் என்றால் நம் ஊர்களில் வேலை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. பழைய டைல்ஸை உடைத்துப் புது டைல்ஸ், வெளிச்சுவருக்குப் பெயின்ட், அதன் மேல் ஓவியம், பெயர்ப்பலகை, திறப்பு விழா. சில மாதம் கழித்துப் போனால் மறுபடியும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நுழைய வேண்டியிருக்கிறது. கழிப்பறை கெடுவது தண்ணீரிலும் குழாயிலும் தொட்டியிலும். எஸ்டிமேட்டில் பணம் போவதோ சுவருக்கு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்தத் தவறுக்கு விலை இன்னும் அதிகம்.

காரணம், இது பாறை பூமி. போர் எவ்வளவு ஆழம் போட்டாலும் பல இடங்களில் வருவது உப்புத் தண்ணீர்தான். வீட்டுக் குடத்தின் அடியிலும் குழாய் வாயிலும் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். சிறுநீர் போகும் குழாயில் அதே படிவு இன்னும் வேகமாக ஏறும். சிறுநீரில் உள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் அமோனியாவாக மாற்றுகின்றன. அந்தக் காரத்தில், தண்ணீரின் கால்சியமும் மக்னீசியமும் சிறுநீரின் பாஸ்பேட்டோடு சேர்ந்து கல்லாக இறுகிவிடும். பழைய யூரினல் குழாய் ஒன்றை அறுத்துப் பாருங்கள்: இரண்டு அங்குலக் குழாயில் விரல் நுழையும் அளவுக்குத்தான் துவாரம் மிச்சமிருக்கும், மற்றதெல்லாம் மஞ்சளும் பழுப்பும் கலந்த கல். எவ்வளவு பினாயில் ஊற்றினாலும் போகாத அந்த நாற்றம் இங்கிருந்துதான் வருகிறது. இந்தக் குழாயை அப்படியே தரைக்குள் விட்டுவிட்டு மேலே புது டைல்ஸ் ஒட்டுவதைத்தான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன்.

தரையை உடைக்கும்போதே குழாயையும் மாற்றிவிட வேண்டும். யூரினலுக்கு மூன்று அங்குலக் குழாய், சரியான வாட்டம், ஒவ்வொரு வளைவிலும் திறந்து சுத்தம் செய்ய ஒரு மூடி. இவை இருந்தால் அடைப்பு எடுக்க மறுபடி தரையை உடைக்க வேண்டியதில்லை. கழிப்பறையிலிருந்து கூரைக்கு மேல் போகும் காற்றுக் குழாயையும் கவனியுங்கள். பெயின்ட் அடிக்க இடைஞ்சல் என்று அதை வெட்டிவிடுவதும் உண்டு. வெட்டிய நாளிலிருந்து செப்டிக் டேங்கின் வாயு உள்ளே திரும்பும்.

உப்புக்கறைக்கு ஆசிட் ஊற்றுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. ஆசிட் டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமென்ட்டை அரிக்கும். அரித்த இடத்தில் சிறுநீர் இறங்கும். பிறகு தரையே நாறும். இதைவிட ஆபத்தானது ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகப் போடுவது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் அடைத்த சின்ன அறைக்குள் நின்று தேய்க்கும் பணியாளரின் நுரையீரலுக்கு அது நேரடிக் கேடு. "இரண்டையும் கலக்காதே" என்று சுவரில் தமிழில் எழுதி வைக்க எவ்வளவு செலவாகிவிடப் போகிறது?

தண்ணீர்த் தொட்டியின் அளவும் இப்படித்தான். ஒரு நாளைக்கு 1,000 பேர் வந்து ஆளுக்கு 5 லிட்டர் செலவழித்தாலே 5,000 லிட்டர் வேண்டும். மேலே 1,000 லிட்டர் சின்டெக்ஸ் ஒன்றை வைத்துவிட்டு மோட்டாரை நம்பினால், மின்சாரம் போன மதியத்தில் கதை முடிந்தது. கை கழுவும் குழாயில் இன்னொரு விஷயம். பேருந்துக்கு ஓடுகிறவர்கள் அந்தக் குழாயிலேயே குடித்துவிடுவார்கள், பிள்ளைகளுக்கும் பிடித்துக் கொடுப்பார்கள். நம் நிலத்தடி நீரில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு அதிகம் என்பதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-ல் தொடங்கியும் வைத்தார்கள். கழுவுவதற்குப் போர் தண்ணீர், கை கழுவும் குழாய்க்கு மட்டும் குடிநீர் இணைப்பு என்று ஆரம்பத்திலேயே பிரித்துப் போட்டுவிடுவது நல்லது.

அப்புறம் செப்டிக் டேங்க். புதுப்பிக்கும் வேலையில் கழிப்பறையைச் சுற்றி பேவர் பிளாக் போடுவது வழக்கமாகிவிட்டது. அழகாகத்தான் இருக்கும். தொட்டியின் மூடியையும் சேர்த்து மூடிவிட்டால், நிறைந்து வழியும்போது மூடி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டிவரும். லாரியின் ஹோஸ் எட்டாத இடத்தில் மூடி இருந்தாலும் அதே கதைதான். கடைசியில் ஒரு மனிதரை உள்ளே இறங்கச் சொல்வதில் போய் முடியும். பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் அப்படி ஒருவரை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. போன உயிரை எந்தத் தொகையும் திருப்பித் தராது. மூடி தெரிகிற மாதிரியும் லாரி வந்து நிற்கிற மாதிரியும் அமைக்க வேண்டியது பொறியாளரின் பொறுப்பு.

தொட்டியிலிருந்து வெளியேறும் நீருக்கு உறிஞ்சுகுழி என்று வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டிருப்பார்கள். மண் ஊர்களுக்குச் சரி. நான்கு அடியில் பாறை தட்டும் இடத்தில் அந்தக் குழி தண்ணீரை உறிஞ்சாது, மழைக்காலத்தில் ரோட்டுக்கு வழியும். குழியைத் தோண்டி, தண்ணீர் நிரப்பி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்த்த பிறகே வடிவமைப்பை முடிவு செய்ய வேண்டும்.

பெண்கள் பக்கத்தை ஆண்கள் பக்கத்தின் நகலாகக் கட்டுவது அடுத்த தவறு. இரு பக்கமும் ஒரே பரப்பு கொடுத்தால், யூரினல்களையும் சேர்த்து ஆண்களுக்கு அதிக இடம் கிடைக்கும், பெண்கள் வரிசையில் நிற்பார்கள். தூய்மை இந்தியா வழிகாட்டுதலே சமூகக் கழிப்பறைகளுக்கு ஆண்கள் 35 பேருக்கு ஒன்று, பெண்கள் 25 பேருக்கு ஒன்று என்றுதான் சொல்கிறது. பென்னாகரத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கோ திங்கட்கிழமை மனு கொடுக்க கலெக்டர் ஆபீசுக்கோ வரும் ஓர் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தோளில் பை, இடுப்பில் குழந்தை. உள்ளே பையை மாட்ட கொக்கி இல்லை, தரையெல்லாம் ஈரம். தாழ்ப்பாள் பிடுங்கிக் கிடக்கிறது, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டே உட்கார வேண்டும். நாப்கின் போட மூடியுள்ள தொட்டி இல்லாததால் அது பேசினுக்குள் போகிறது, குழாய் அடைக்கிறது. கொக்கி, தாழ்ப்பாள், தொட்டி, விளக்கு: நான்கும் சேர்ந்தாலும் வெளிச்சுவர் ஓவியத்தின் செலவு வராது. இது போதாதென்று, பல இடங்களில் ஆண்கள் சிறுநீர் கழிக்க இலவசம், பெண்கள் அதற்கே காசு கொடுக்கிறார்கள். இந்த அநியாயத்தை ஒரு தீர்மானம் போட்டே நிறுத்திவிடலாம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான அறையைக் கட்டிவிட்டுப் பூட்டி, துடைப்பமும் பிளீச்சிங் மூட்டையும் வைக்கும் அறையாக்கிவிடுகிறார்கள். சாய்தளம் 1-க்கு 12 என்ற சரிவில் இருக்க வேண்டும். தரை ஒன்றரை அடி உயரமென்றால் சாய்தளம் 18 அடி நீளம். அதற்கு இடமில்லை என்று செங்குத்தாகப் போட்டுவிட்டால் சக்கர நாற்காலி ஏறாது. இடமில்லாவிட்டால் தரையின் உயரத்தைக் குறைக்கத்தான் வழி பார்க்க வேண்டும்.

வேலை நடக்கும் நாட்களில் இரு பக்கத்தையும் ஒரேயடியாகப் பூட்டக் கூடாது. பாதிப் பாதியாகச் செய்யலாம், நடமாடும் கழிப்பறை நிறுத்தலாம். கிருஷ்ணகிரியில் மாங்காய் சீசனிலும், ஒகேனக்கலுக்குக் கூட்டம் போகும் ஆடிப்பெருக்கு சமயத்தில் தருமபுரியிலும் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பது நல்லது.

பராமரிப்பில்தான் பெரும்பாலான கழிப்பறைகள் சாகின்றன. ஆண்டுக்கு ஒரு முறை ஏலம், அதிகம் கேட்டவருக்குக் குத்தகை என்றால், அவர் போட்ட பணத்தை எடுக்கத்தான் பார்ப்பார். தூய்மைப் பணியாளர் எண்ணிக்கையில்தான் முதலில் கை வைப்பார். ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை பேர், என்ன சம்பளம், கையுறை, பூட்ஸ், உடை மாற்ற ஓர் அறை, குழாய் உடைந்தால் எத்தனை மணி நேரத்தில் மாற்ற வேண்டும் என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். கட்டிய ஒப்பந்தக்காரரே சில ஆண்டுகள் பராமரிக்கவும் வேண்டும் என்று டெண்டரில் சேர்த்தால், குழாயைப் புதைக்கும்போதே அவருக்கு அக்கறை வந்துவிடும்.

உங்கள் வார்டில் இந்த வேலை வரப்போகிறதென்றால், ஏரியா சபைக் கூட்டத்தில் எஸ்டிமேட் நகலைக் கேளுங்கள். கொடுக்கவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். நகல் கைக்கு வந்ததும் டைல்ஸ், பெயின்ட் வரிகளைத் தாண்டி, குழாய், தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், பராமரிப்பு ஆகிய நான்குக்கும் தனித்தனியாகத் தொகை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லாவிட்டால், தீர்மானம் நிறைவேறும் முன்பே உங்கள் கவுன்சிலரிடம் எழுத்தில் கொடுங்கள். டெண்டர் விட்ட பிறகு மாற்றச் சொன்னால், "எஸ்டிமேட்டில் இல்லையே" என்ற பதில்தான் வரும்.