கண் கேம்ப் போடப் போறீங்களா? ஆப்பரேஷன்ல இருந்து ஆரம்பிங்க

பந்தல், டேபிள், மைக்கு எல்லாம் ஒரே நாள்ல ரெடி ஆயிடும், ஆனா "புரை இருக்கு, ஆப்பரேஷன் பண்ணணும்"னு சீட்டு வாங்கினவங்கள்ல எத்தனை பேரு நிஜமாவே ஆஸ்பத்திரிக்குப் போறாங்கங்கறதுலதான் எல்லாமே இருக்கு. அதனால தேதி குறிக்கறதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரியில பேசிடுங்க, எத்தனை பெட் தருவாங்க, லென்ஸ், மருந்து, சாப்பாட்டுச் செலவு யாரோடது, வேன் யாரு அனுப்பறது எல்லாம்.

கேம்ப் நடக்கற ஸ்கூல் ரூம்லயே சர்ஜரியும் வச்சுக்கலாமேன்னு யாராச்சும் ஐடியா குடுப்பாங்க, ஒத்துக்காதீங்க. கண்ணுக்குள்ள கிருமி போச்சுன்னா இருக்கற பார்வையும் போயிடும். இங்க செக்கப் மட்டும்.

அன்னிக்கு சுகர், பிபி ரெண்டையும் அங்கேயே பாத்துடுங்க. சுகர் எகிறிப் போயிருக்குன்னு ஆஸ்பத்திரி வரைக்கும் போன ஆளைத் திருப்பி அனுப்பினா, அடுத்த கேம்ப்புக்கு அவங்க தெருவுல இருந்து ஒரு ஆளு வராது.

பெரிய வேலை பேசிப் புரிய வைக்கறதுதான். "புரை நல்லா முத்தட்டும்"னு தள்ளிப் போடுவாங்க, அது அந்தக் காலத்து ஆப்பரேஷனுக்கு சொன்னது, இப்போ கண்ணுக்குள்ள லென்ஸ் வைக்கறதால அவ்ளோ நாள் காத்திருக்க வேணாம், ரொம்ப முத்திப் போனா டாக்டருக்குத்தான் கஷ்டம். கண்ணை வெளிய எடுத்து வச்சு பண்ணுவாங்கன்னு நம்பறவங்களும் இருக்காங்க (சிரிக்காதீங்க, நிஜமாவே பயப்படறாங்க), மரத்துப் போக மருந்து குடுத்து, பெரும்பாலும் அரை மணிக்குள்ள முடிச்சிடுவாங்கன்னு சொல்லுங்க, அதையும் நீங்க சொல்றத விட ஏற்கனவே பண்ணிக்கிட்ட ஒருத்தர் பக்கத்துல உக்காந்து சொன்னா சட்டுனு நம்புவாங்க. பாட்டிங்க விஷயத்துல அவங்ககிட்ட மட்டும் பேசிப் பிரயோஜனம் இல்ல, பேரப்பிள்ளைய யாரு பாத்துக்கறது, கூட யாரு போறதுன்னு மகன், மருமகள உக்கார வச்சு முடிவு பண்ணணும். முடிஞ்சா அன்னிக்கே வேன்ல ஏத்திடுங்க, "நாளைக்கு வரேன்"னு வீட்டுக்குப் போனவங்க பாதிப் பேரு வரமாட்டாங்க.

திரும்பி வந்ததும் சில வாரம் சொட்டு மருந்து விடணும், கண்ணைக் கசக்கக் கூடாது, டாக்டர் சொல்ற வரைக்கும் தண்ணி படக் கூடாது. வலி, சிவப்பு அதிகமானாலோ பார்வை மங்கினாலோ அன்னிக்கே ஆஸ்பத்திரி, மறுநாள் பாத்துக்கலாம்னு விடாதீங்க. மறு செக்கப்புக்கும் வேன் பேசி வைங்க, கண்ணாடி பவர் பாக்கறது அப்போதான். சீட்டு வாங்கியும் போகாதவங்க லிஸ்ட்ட தனியா எழுதி வச்சு, ஃபோன் எடுக்கலன்னா நேரா வீட்டுக்கே போயிடுங்க.