பி.எஸ்சி கணிதம்: மூன்று வருடத்தில் கோட்டை விடும் இடங்கள்

பி.எஸ்சி கணிதத்தின் பாடத்திட்டமும் விதிமுறையும் அந்தந்தப் பல்கலைக்கழக இணையதளத்தில் பி.டி.எஃப் ஆகக் கிடக்கின்றன. சேர்ந்த முதல் வாரத்தில் அதைத் திறந்து படித்த மாணவரை நான் பார்த்ததே இல்லை. நானும் படிக்கவில்லை. சீனியர் சொன்னதே வேதவாக்கு. சீனியருக்கு அவருடைய சீனியர்.

கணிதப் பட்டம் என்றால் கணித பேப்பரைப் பாஸ் செய்வது என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் பட்டப்படிப்பு ஐந்து பகுதிகளாக இருக்கும். முதல் பகுதி தமிழ் அல்லது வேறு மொழி, இரண்டாவது ஆங்கிலம். மேஜர் என்னும் முதன்மைப் பாடமும் அலைடு என்னும் துணைப் பாடமும் மூன்றாவதில் வரும். சுற்றுச்சூழல், விழுமியக் கல்வி, திறன் பாடங்கள் எல்லாம் நான்காவதில். என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு போன்றவை ஐந்தாவதில். எல்லாம் சேர்ந்து சுமார் 140 கிரெடிட். இதில் ஒரு கிரெடிட் குறைந்தாலும் பட்டம் கைக்கு வராது. மேஜரில் எண்பதுக்கு மேல் வாங்கிவிட்டு, இரண்டாம் செமஸ்டர் தமிழ் பேப்பர் அரியரால் எம்.எஸ்சி சேர முடியாமல் நின்றவர்கள் உண்டு. “தமிழ்தானே, கடைசியில் பார்த்துக்கலாம்” என்று விட்டதன் விலை அது.

மதிப்பெண் கணக்கிலும் கணித மாணவர்களே தப்புக் கணக்குப் போடுவார்கள். இன்டர்னலுக்கு 25, எழுத்துத் தேர்வுக்கு 75, மொத்தத்தில் 40 எடுத்தால் பாஸ் என்பது பரவலாக உள்ள முறை. ஆனால் எழுத்துத் தேர்வில் தனியாக 40 சதவீதம், அதாவது 75-க்கு 30, எடுத்தாக வேண்டும். இன்டர்னலில் 24 வாங்கியவர் எழுத்துத் தேர்வில் 29 எடுத்தால் மொத்தம் 53, ஆனாலும் ஃபெயில்தான். சில பல்கலைக்கழகங்கள் இன்டர்னலுக்கும் தனியாக ஒரு குறைந்தபட்சம் வைத்திருக்கின்றன. உங்கள் பல்கலைக்கழக விதியில் இது ஒரே ஒரு வரியாக இருக்கும், தேடிப் பாருங்கள்.

சரி, இதெல்லாம் விதிமுறையைப் படித்தால் தீர்ந்துவிடும். எந்த விதிமுறையிலும் எழுதியிராத ஒன்று இருக்கிறது, அதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில், கால்குலஸ் முடிக்காதவர் அடுத்த பாடத்துக்குப் பெயர் கொடுக்கவே முடியாதபடி முன்தேவை என்று ஒன்றைப் போட்டிருப்பார்கள். நம் ஊரில் பொதுவாக அப்படி இல்லை. முதல் வருட டிஃபரன்ஷியல் கால்குலஸ் அரியராகக் கிடக்கும்போதே ஐந்தாம் செமஸ்டர் ரியல் அனாலிசிஸ் வகுப்பில் உட்காரலாம், யாரும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள். மாணவர்களுக்கு இது ஒரு விதத்தில் நல்லது, ஒரு பேப்பருக்காக வருடம் வீணாவதில்லை. ஆனால் தடுக்க ஆள் இல்லாததால் தேவையே இல்லை என்று எடுத்துக்கொள்கிறோம். லிமிட் என்றால் என்னவென்று புரியாமல் அதைத் துல்லியமாக வரையறுக்கும் எப்சிலான்-டெல்டாவுக்குள் போனால் மனப்பாடத்தைத் தவிர வேறு வழி கிடையாது.

என் வகுப்பில் பக்கத்து பெஞ்சில் இருந்தவன் ரியல் அனாலிசிஸ் தேற்றங்களைக் கமா பிசகாமல் எழுதுவான். ஒருங்கும் தொடர்வரிசை (ஒரே எண்ணை நெருங்கிக்கொண்டே போகும் எண் வரிசை) எல்லாம் வரம்புடையது, அதாவது குறிப்பிட்ட இரு எண்களுக்குள் அடங்குவது, என்பதை நிரூபிக்கச் சொன்னால், எப்சிலானை ஒன்று என்று வைத்துக் கடகடவென்று முடித்துவிடுவான். ஒருநாள் ஆசிரியர், “சரி, வரம்புடைய தொடர்வரிசை எல்லாம் ஒருங்குமா?” என்று கேட்டார். ஒருங்கும் என்றான். அவர் பலகையில் 1, −1, 1, −1 என்று எழுதிக்கொண்டே போனார். வரம்புக்குள்தான் இருக்கிறது, ஆனால் எந்த எண்ணிலும் ஒருங்காது. “சார், இது சிலபஸ்ல இல்லையே” என்றான். செமஸ்டர் தேர்வில் அவனுக்கு என்னைவிடப் பதினோரு மார்க் அதிகம், அது வேறு விஷயம்.

அல்ஜிப்ராவிலும் இதே கதைதான். முதல் வருடத்தில் மூன்றுக்கு மூன்று அணி ஒன்றைக் கொடுத்து ஐகன் மதிப்பு கண்டுபிடிக்கச் சொல்வார்கள், கேலி-ஹாமில்டன் தேற்றத்தைச் சரிபார்க்கச் சொல்வார்கள். கணக்காகப் போட்டு மார்க் வாங்கிவிடலாம். அந்தக் கணக்குகளுக்குப் பின்னால் இருக்கும் காரணத்தைச் சொல்லும் லீனியர் அல்ஜிப்ரா பெரும்பாலும் கடைசி செமஸ்டரில் வரும். அதற்குள் பழையது மறந்துபோயிருக்கும்; இது ஏதோ புதுப் பாடம் என்று தோன்றும். முதல் வருட நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் வைத்திருங்கள். செமஸ்டர் தொடங்கும்போது, அந்த பேப்பர் எந்தப் பழைய பேப்பர் மேல் நிற்கிறது என்று ஆசிரியரிடம் கேட்டால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

கடைசி செமஸ்டரில் லீனியர் அல்ஜிப்ரா வருவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி சேர எழுதும் ஜாம் தேர்வு பிப்ரவரியில் நடக்கும். விண்ணப்பம் செப்டம்பர் வாக்கிலேயே திறந்துவிடும். நம் ஆறாம் செமஸ்டரோ டிசம்பர், ஜனவரியில்தான் ஆரம்பிக்கும். ஜாமில் கணிசமாக வரும் ஒரு பாடத்தின் முதல் யூனிட்டே வகுப்பில் முடிந்திருக்காது. கல்லூரி நடத்தும் வரிசையை நம்பிக் காத்திருந்தால் தேர்வு போய்விடும். இரண்டாம் வருட விடுமுறையிலேயே அதைத் தனியாகப் படித்துவிட வேண்டும். 60 கேள்வி, 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் ஒரு பிரிவில் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கலாம்; எல்லாவற்றையும் குறித்தால்தான் மார்க், பாதி சரிக்குப் பாதி மார்க் என்பதெல்லாம் கிடையாது. மனப்பாடக்காரர்கள் அங்கேதான் தடுக்கி விழுவார்கள். சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகத்துக்குத் தனி நுழைவுத் தேர்வு. கணித மாணவர்களுக்காக 1993 முதல் நடந்துவரும் எம்.டி.டி.எஸ். கோடைப் பயிற்சி முகாமையும் இங்கே சொல்ல வேண்டும். மனப்பாடத்திலிருந்து விடுபட நினைப்பவர்களுக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. மூன்றாம் வருடம் வரை அப்படி ஒன்று இருப்பதே நம் பிள்ளைகளின் காதுக்கு வருவதில்லை.

அலைடு பாடம் இயற்பியலா புள்ளியியலா என்பதைப் பல கல்லூரிகள் தாங்களே முடிவு செய்துவிடும். உங்களிடம் விருப்பம் கேட்டால், “பிராக்டிகல் இல்லாதது சுலபம்” என்று தேர்ந்தெடுக்காதீர்கள். எம்.எஸ்சி புள்ளியியல் சேர, கணிதப் பட்டதாரிகள் புள்ளியியலை அலைடாகப் படித்திருக்க வேண்டும் என்று கேட்கும் இடங்கள் உண்டு.

ஆசிரியர் வேலையோ டி.என்.பி.எஸ்.சி.யோ மனதில் இருந்தால் சேரும்போதே இரண்டைப் பாருங்கள். ஒன்று, பயிற்றுமொழி. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத இடம் தரும் சட்டம் 2010-ல் வந்தது. 2020 திருத்தத்துக்குப் பிறகு பட்டம் மட்டும் தமிழ்வழியில் இருந்தால் போதாது, பள்ளியிலிருந்தே தமிழ்வழியாக இருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு, கௌரவத்துக்காக ஆங்கிலவழி பி.எஸ்சி சேர்பவர், பட்டம் கேட்கும் வேலைகளில் அந்த இடத்தைத் தாமே விட்டுக்கொடுக்கிறார். ஆங்கிலவழிக்கு வேறு நன்மைகள் உண்டுதான், தெரிந்து விட்டுக்கொடுத்தால் சரி. மற்றொன்று, பட்டத்தின் பெயர். ‘கணிதம்’ என்பதோடு வேறு ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால், அது பி.எஸ்சி கணிதத்துக்கு இணையானது என்ற அரசாணை இருக்கிறதா என்று கேளுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் நின்றுகொண்டு அந்த அரசாணையைத் தேடுவது கொடுமை.

அப்புறம், படிப்பு முடித்து வெளியே வரும்போது மார்க் ஷீட்டோடு நீங்கள் படித்த வருடத்துப் பாடத்திட்டத்தின் நகலில் துறைத் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். பாடத்திட்டம் சில வருடங்களுக்கு ஒருமுறை மாறும், பழைய பி.டி.எஃப் இணையதளத்திலிருந்து காணாமல் போய்விடும். வெளிநாட்டில் மேற்படிப்புக்கோ இணைச்சான்றுக்கோ விண்ணப்பிக்கும்போது முதலில் கேட்பது அதைத்தான்.