மூணு ஊசி போட்ட குட்டிக்கும் பார்வோ ஏன் வருகிறது?

“மூணு ஊசியும் போட்டாச்சே டாக்டர், அப்புறம் எப்படி வந்துச்சு?” நாய்க்குட்டியின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் தொற்றி, ரத்தக் கழிச்சலோடு துவண்டு கிடக்கும் குட்டியைத் துண்டில் சுற்றி மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கி வருகிறவர்கள் பாளையங்கோட்டையிலும் கேட்பார்கள், அம்பாசமுத்திரத்திலும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அட்டையில் மூன்று கையெழுத்தும் இருக்கும். தேதிகளைக் கூட்டிப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்: 6-வது வாரம், 9-வது வாரம், 12-வது வாரம். அத்தோடு நிறுத்தியிருப்பார்கள்.

நாய், பூனை வைரஸ் நோய்களில் வீட்டார் செய்யும் தவறுகளில் பல குட்டிகளைக் காவு வாங்குவது இது. ஊசியை எண்ணுகிறோம், வயதை எண்ண மறந்துவிடுகிறோம்.

குட்டி பிறந்த முதல் நாளில் குடிக்கிற சீம்பாலோடு தாயின் எதிர்ப்பொருள்களும் உள்ளே போகின்றன. ஏறத்தாழ 10 நாளுக்கு ஒருமுறை அவை பாதியாகக் குறையும். தடுப்பூசியில் இருப்பது வலுக் குறைத்த உயிருள்ள வைரஸ். அது குட்டியின் உடம்பில் கொஞ்சம் பெருகினால்தான் சொந்த எதிர்ப்பு உருவாகும். தாய் கொடுத்த எதிர்ப்பொருள் மிச்சம் இருந்தால் ஊசி வைரஸையும் அது அழித்துவிடும். சில குட்டிகளில் இந்தத் தடை 14, 16 வாரம் வரை நீளும். அப்படிப்பட்ட குட்டிக்கு 12 வாரத்துக்குள் மூன்று ஊசி போட்டாலும் மூன்றும் வீண்தான்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தாயின் எதிர்ப்பொருள் குறைந்துகொண்டே வரும்போது, தெருவில் இருக்கும் வீரியமான வைரஸைத் தடுக்கப் போதாமலும், ஊசி வைரஸைக் கெடுக்கப் போதுமாகவும் இருக்கிற ஓர் இடைவெளி இரண்டு மூன்று வாரம் வரும். எந்தக் குட்டிக்கு எந்த வாரம் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது, ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குள்ளேயே மாறும். அதனால்தான் உலகச் சிறுபிராணி கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல், 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி 2 முதல் 4 வாரத்துக்கு ஒன்றாகப் போட்டு, கடைசி ஊசி 16-வது வாரத்திலோ அதற்குப் பிறகோ விழ வேண்டும் என்கிறது. 26-வது வாரத்தையொட்டி இன்னும் ஒன்று. இத்தனை ஊசிக்குப் பிறகும் எதிர்ப்பு உருவாகாமல் விடுபட்ட குட்டிக்காகத்தான் அந்த 26-வது வார ஊசி. 12-வது வாரத்தோடு நிறுத்திய அட்டை உங்கள் கையில் இருந்தால் இப்போதே போய் அடுத்ததைப் போட்டுவிடுங்கள்.

பார்வோ, டிஸ்டெம்பர் (மூச்சையும் நரம்பையும் தாக்கும் வைரஸ்), அடினோ (ஈரலைத் தாக்கும் வைரஸ்) மூன்றுக்கும் அதன்பின் மூன்று வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் தேவையில்லை. ஆனால் கூட்டு ஊசியில் சேர்ந்திருக்கும் எலிக்காய்ச்சல் தடுப்பு பாக்டீரியாவுக்கானது. அதன் காப்பு ஒரு வருடத்துக்குத்தான். வயலும் வாய்க்காலும் எலியும் உள்ள தாமிரபரணிக் கரையில் அதை வருடந்தோறும் போடுவதே நல்லது.

ஊசி மருந்தைக் கையாளுவதிலும் கோட்டை விடுகிறோம். பொமரேனியன் சின்ன நாய்தானே என்று பாதி மருந்து, ஒரு குப்பியை இரண்டு குட்டிக்குப் பங்கு வைப்பது, இரண்டுமே தவறு. சிப்பிப்பாறையோ பொமரேனியனோ, குப்பி முழுவதும் ஒரு உயிருக்கு. பெருகத் தேவையான அளவு வைரஸ் பாதிக் குப்பியில் இல்லாமல் போகலாம். அடுத்தது வெயில். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஜங்ஷனில் வாங்கி, பாலித்தீன் பையில் போட்டு, சித்திரை வெயிலில் ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் கொண்டுபோனால் உயிருள்ள வைரஸ் வழியிலேயே செத்துப்போகலாம், அப்புறம் குத்துவது வெறும் தண்ணீர். பதறிப்போய் ஐஸ் கட்டிக்குள் புதைத்து எடுத்துப் போவதும் கூடாது. வெறிநோய்த் தடுப்பூசி உறைந்தால் கெட்டுவிடும். வாய் அகன்ற பிளாஸ்க்கில் ஐஸ் பையைச் செய்தித்தாளில் சுற்றி வைத்து, குப்பி ஐஸைத் தொடாமல் கொண்டு போங்கள். ஊசி போடும் இடத்திலேயே மருந்தைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தால் இந்த அலைச்சலே வேண்டாம்.

“ஊசி போட்டதும்தான் வந்துச்சு” என்று ஊசியைக் குறை சொல்வதும் உண்டு. பார்வோ உடம்பில் நுழைந்து அறிகுறி காட்ட 3 முதல் 7 நாள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். ஊசி போட்ட நான்காம் நாள் கழிச்சல் வந்தால், குட்டி வரும்போதே கிருமியோடு வந்திருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். புதிதாக வாங்கிய குட்டியை ஏற்கெனவே இருக்கிற குட்டிகளோடு முதல் இரண்டு வாரம் சேர்க்கக் கூடாது என்பது இதனால்தான்.

கழுவிவிட்டேன், ஃபினாயில் ஊற்றினேன்

பார்வோவுக்குக் கொழுப்பு உறை கிடையாது. சோப்பு, ஸ்பிரிட், ஃபினாயில், டெட்டால் எதற்கும் அது எளிதில் மசியாது. நிழலும் ஈரமும் உள்ள புறவாசல் மண்ணில் பல மாதம், ஒரு வருடம் வரைகூட உயிரோடு இருக்கும். மஞ்சள் தண்ணீரும் சாணியும் தெளிப்பதால் வாடைதான் மாறும்.

வேலை செய்வது குளோரின். 30 சதவீதம் குளோரின் உள்ள ப்ளீச்சிங் பவுடர் 60 கிராம் எடுத்து 10 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிவை எடுங்கள். 5 சதவீதத் திரவ ப்ளீச் என்றால் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர். பலர் தவறுவது வரிசையில்: மலத்தின்மேல் நேராக ஊற்றினால் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். முதலில் மலம், வாந்தியை வழித்து எடுத்துப் புதைக்க வேண்டும். பிறகு சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவ வேண்டும். அதற்குப் பிறகு ப்ளீச் விட்டு 10 நிமிடம் தரை ஈரமாகவே இருக்க வேண்டும். திறந்து ஆறு மாதமான பவுடரில் வீரியம் இருக்காது. ப்ளீச்சோடு டாய்லெட் ஆசிட் கலந்தால் நச்சுவாயு கிளம்பும், கலக்கவே கூடாது. மண் தரையில் ப்ளீச் பயன்படாது. அந்த வளவில் ஒரு குட்டி இறந்திருந்தால் அடுத்ததாக வருவது 16 வார ஊசி முடித்த நாயாக இருக்கட்டும். செருப்பு, சங்கிலி, சாப்பாட்டுத் தட்டு, குட்டி படுத்த சாக்கு எல்லாமே கிருமி தாங்கும். சாக்கை எரித்துவிடுங்கள்.

பூச்சி மருந்து, பட்டினி, மறுநாள் பார்க்கலாம்

ரத்தம் கலந்த கழிச்சலைக் கண்டதும் பூச்சி என்று நினைத்து மருந்து வாங்கிக் கொடுப்பார்கள். வாந்தி எடுக்கும் குட்டிக்கு அது தங்காது. அதைவிட மோசம், ஒரு நாள் கையைவிட்டுப் போகிறது. பார்வோ குடலின் உள்வரியைப் புதுப்பிக்கும் செல்களையும் எலும்பு மஜ்ஜையையும் தாக்குகிறது. குடல் வரி உரிந்துபோக, குடலில் இருக்கும் பாக்டீரியா ரத்தத்துக்குள் நுழைகிறது. எதிர்த்து நிற்க வேண்டிய வெள்ளை அணுக்களோ சரிந்து கிடக்கும். டாக்டர் ஆன்டிபயாட்டிக் போடுவது இந்தப் பாக்டீரியாவுக்காக. குட்டியை உடனடியாகக் கொல்வது நீர் வற்றுதலும் சர்க்கரை குறைவதும்தான். டிரிப்ஸ் ஏற்றாமல் விட்டால் பெரும்பாலான குட்டிகள் பிழைப்பதில்லை. முதல் நாளிலேயே ஏற்றத் தொடங்கி வாந்தியைக் கட்டுப்படுத்தினால் பெரும்பாலானவை பிழைக்கின்றன.

வாந்தி நின்றதும் இரண்டு நாள் பட்டினி போட வேண்டும் என்ற பழைய பழக்கத்தையும் விடலாம். கஞ்சித் தெளிவோ, வேகவைத்து மசித்த கோழியோ, ஸ்பூன் ஸ்பூனாகச் சீக்கிரம் கொடுத்தால் குடல் வரி விரைவில் தேறும். பால் வேண்டாம். தேறிய குட்டி இரண்டு வாரம் போலக் கிருமியைக் கழித்துக்கொண்டிருக்கும், முடுக்கில் விடாதீர்கள்.

கோடு வரவில்லை என்றால்

மலத்தைப் பஞ்சுக்குச்சியில் எடுத்துப் பார்க்கும் விரைவுச் சோதனையில் ஒரு கோடு மட்டும் வந்தால் பார்வோ இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நோயின் தொடக்கத்தில் வைரஸ் குறைவு. ஐந்தாறு நாள் கடந்தபின் எதிர்ப்பொருள் வைரஸை மூடிக்கொள்வதால் சோதனைப் பட்டையில் அது ஒட்டாது. அறிகுறி இருந்து இரண்டாவது கோடு வராவிட்டால் வெள்ளை அணு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும், மறுநாள் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும், அல்லது வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கு அனுப்ப வேண்டும். பெட்டியில் சொன்ன நிமிடத்துக்குள் படிக்க வேண்டும், அரை மணி கழித்துத் தெரியும் மங்கல் கோடு செல்லாது. இந்தச் சோதனைப் பெட்டிகள் பலவற்றை 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது. பாளையங்கோட்டை மே மாதத்தில் பைக் பெட்டிக்குள் கிடந்ததை நம்ப முடியாது.

பிசிஆருக்கு எதிர்த் தவறு: ஊசி போட்ட சில வாரத்துக்கு ஊசி வைரஸே மலத்தில் வரும், அதையும் அது பிடித்துவிடும். கடைசி ஊசித் தேதியைப் படிவத்தில் எழுதாமல் அனுப்பிய மாதிரியின் முடிவைப் படிக்க முடியாது. மாதிரியை ஃபார்மலினில் (உடல் பகுதிகளைப் பதப்படுத்தும் திரவம்) போடக் கூடாது. ரத்தம் எடுத்தால் ஊதா மூடியுள்ள இடிடிஏ குழாயில் எடுங்கள்; ரத்தம் உறையாமலிருக்கச் சில குழாய்களில் சேர்க்கும் ஹெப்பாரின் பிசிஆரைக் கெடுக்கும். ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவதாக இருந்தாலும் குளிர்ச்சி விடாமல் அன்றைக்கே போய்ச்சேர வேண்டும்.

பூனைக்கு நாய் வைத்தியம்

1978-ல் உலகெங்கும் பரவிய நாய்ப் பார்வோ, பூனைக்கு வாந்தியும் கழிச்சலும் தந்து வெள்ளை அணுவைக் குறைக்கும் பான்லூக்கோபீனியா வைரஸுக்கு நெருங்கிய சொந்தம். இன்று சுற்றும் 2ஏ, 2பி, 2சி வகைகள் பூனைக்கும் தொற்றும். பூனை வாந்தி எடுத்தால் முடி உருண்டை என்று விட்டுவிடுவது, அதிலும் ஊசி போடாத குட்டிக்கு, ஆபத்து. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் கொடுப்பது கொலைக்குச் சமம்: 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதிகூட ஒரு பூனையைக் கொல்லும், அதைச் சிதைக்கும் நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. ஃபினாயிலும் டெட்டாலும் அதே காரணத்தால் பூனைக்கு நஞ்சு, நடந்த காலை நக்கியே உள்ளே போய்விடும். சினைப் பூனைக்கு உயிருள்ள பான்லூக்கோபீனியா ஊசி போடக் கூடாது, குட்டிகளின் சிறுமூளை வளராமல் போகும். ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிக்கு எஃப்ஐவி (பூனையின் நோய் எதிர்ப்பைக் குறைக்கும் வைரஸ்) எதிர்ப்பொருள் சோதனையில் கோடு வந்தால் அது தாயினுடையதாக இருக்கலாம், ஆறு மாதம் கடந்து திரும்பப் பாருங்கள்.

இழுப்பு வந்தால் கோட்டி பிடித்ததாகுமா?

டிஸ்டெம்பர் கண்ட நாய்க்கு முதலில் காய்ச்சலும், கண்ணிலும் மூக்கிலும் சீழும் வரும். அது வற்றியதும் சுகமாகிவிட்டது என்று நினைப்பார்கள். வாரக்கணக்கில் கழித்துத் தாடை வெட்டுவதும் ஒரு கால் துடிப்பதும் தொடங்கும், பாதம் தடித்துப்போகும். அதைக் கோட்டி பிடித்த நாய் என்று அடித்துக் கொல்வதும் நடக்கிறது, நிஜமான வெறிநோயை டிஸ்டெம்பர் என்று மடியில் வைத்து மருந்து ஊட்டுவதும் நடக்கிறது. இரண்டாவதுதான் மனிதர்களுக்கு எமன். நரம்பு அறிகுறி உள்ள எந்த நாயின் வாயிலும் கை வைக்காதீர்கள். டிஸ்டெம்பர் வைரஸ் சோப்பிலேயே செத்துப்போகும். ஆனால் காட்டு விலங்குகளுக்கு அது பெரும் கேடு. 2018-ல் கிர் காட்டில் சிங்கங்கள் இறந்ததில் அதற்குப் பங்குண்டு. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் ஓரத்தில் பாபநாசம், சிங்கம்பட்டி, களக்காடு பக்கம் நாய் வளர்ப்போர் இந்த ஊசியை விடவே கூடாது.

வெறிநோய் ஊசி நாய்க்கு 12 வாரத்தில் ஒன்று, ஒரு வருடத்தில் அடுத்தது. நாய், பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பிப்பொடி எதையும் அப்பாமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கடிகாரம் பார்த்துக் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். “நாயைப் பத்து நாள் பார்த்துட்டுப் போடலாம்” என்று காத்திருப்பது பெரிய தவறு. ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் நாயைக் கவனிக்க வேண்டும். பத்து நாள் கழித்தும் நாய் நன்றாக இருந்தால் மீதி ஊசியைப் பற்றி டாக்டர் முடிவு செய்வார். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28-ம் நாள்கள். தசையில் என்றால் 14-ம் நாளும் சேரும். ரத்தம் வந்த காயத்துக்கு, காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்பொருள் சீரமும் வேண்டும், ஊசி மட்டும் போதாது. தொப்புளைச் சுற்றிப் போட்ட 14 ஊசிக் காலம் 2004-ம் வருடத்தோடு முடிந்துவிட்டது.

கடித்த நாய் செத்துவிட்டால் வெறிநோயை உறுதிசெய்ய அதன் மூளை வேண்டும். அதனால் தலையில் அடிக்காதீர்கள். வெறுங்கையால் தொடாமல், கால்நடை மருத்துவரை அழைத்துத் தலையை அவரே எடுக்கவிட வேண்டும். இரட்டைப் பாலித்தீனில் கட்டி ஐஸில் வைத்து அனுப்ப வேண்டும், ஃபார்மலின் வேண்டாம்.