வார்டு நடைப்பயிற்சி முகாம்: நல்ல முயற்சி எங்கே வீணாகிறது?

2023 நவம்பர் 4 அன்று சென்னை பெசன்ட் நகரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் தொடங்கியது. 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதை, மாதந்தோறும் முதல் ஞாயிறு நடை, கூடவே மருத்துவ முகாம் என்பது அதன் ஏற்பாடு. தங்கள் பகுதியிலும் இப்படி ஒன்றை நடத்த நினைக்கும் குடியிருப்போர் நலச்சங்கங்கள் சில விஷயங்களில் கட்டாயம் கவனமாக இருக்க வேண்டும்.

முதல் தவறு கணக்கில். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் 8 கிலோமீட்டருக்கு 96 நிமிடம். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வதோ வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம். மாதத்துக்குக் குறைந்தது 600. ஆக, ஞாயிறு நடை ஊர் கூடும் நாள், அவ்வளவுதான். உடம்புக்குப் பலன் தருவது மற்ற நாள்களின் அரை மணி நேர நடை. அதற்காகத் தெருவுக்குள்ளேயே ஒன்றரை கிலோமீட்டர் சுற்று ஒன்றைத் தேர்ந்து, 500 மீட்டருக்கு ஒருமுறை சுவரில் பெயின்டால் குறியிடுங்கள். பழக்கமில்லாதவரை முதல் நாளே 8 கிலோமீட்டர் இழுத்துப் போகாதீர்கள். குதிகால் வலியோடு வீடு திரும்புகிறவர் அடுத்த மாதம் வரமாட்டார். 15 நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டினால் போதும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். 10,000 அடி என்ற இலக்கும் கட்டாயமில்லை. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடியிலேயே பெரும்பகுதிப் பலன் கிடைத்துவிடுகிறது.

அதிகம் கெடுவது ரத்த அழுத்த மேசையில். நடந்து முடித்தவர் வியர்வையோடு நேராக அங்கே வருவார். பின்னால் வரிசை நிற்கும். நின்றபடியே கையை நீட்டச் சொல்லி, சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றிவிடுவார்கள். சீட்டில் 158/96 என்று எழுதிக் கொடுத்தால் அன்று அந்த வீட்டில் யாருக்கும் நிம்மதி இருக்காது. ஆனால் நடந்த கையோடு பார்க்கும் அளவு வழக்கத்தைவிட ஏறியோ இறங்கியோதான் இருக்கும். எனவே மேசையை முடிவிடத்தில் போடாமல் புறப்படும் இடத்தில் போடுங்கள். சாய்மானமுள்ள நாற்காலிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொருவரையும் 5 நிமிடம் சும்மா உட்கார வையுங்கள். பாதம் தரையில் பதிய வேண்டும், கை மேசை மேல் நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும், பட்டை வெறும் தோலில் சுற்றப்பட வேண்டும், அளக்கும்போது பேசக் கூடாது. முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ, புகை கூடாது; சிறுநீரை அடக்கிக்கொண்டும் உட்காரக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும். பெரிய பட்டை ஒன்றும் கையில் இருக்கட்டும்.

இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்களும் வெறும் வயிற்றில் நீண்ட தூரம் நடந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு தெரிந்தால் உடனே 15 கிராம் குளுக்கோஸ் அல்லது 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.

அடுத்தது சாப்பாடு. நடந்து வந்தவர்களுக்கு ‘சத்தானது’ என்று நாட்டுச் சர்க்கரை போட்ட கேழ்வரகு மால்ட், பழச்சாறு, சிறுதானிய பிஸ்கட் கொடுப்பது நல்ல எண்ணத்தில் நடக்கும் தவறு. பெரியவருக்கு ஒரு நாளில் 25 கிராம், அதாவது சுமார் 6 டீஸ்பூன் சர்க்கரைக்குள் நிற்பது நல்லது. நாட்டுச் சர்க்கரை, தேன், கருப்பட்டி எல்லாம் அதே கணக்கில்தான் சேரும். பிழிந்த பழச்சாற்றில் உள்ள சர்க்கரையும் அப்படியே. பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்: எடை அதிகமுள்ள பொருள்தான் முதலில் எழுதப்பட்டிருக்கும். மைதாவும் சர்க்கரையும் முன்னால் நின்றால் தினை, கம்பு என்ற பெயர் வெறும் அட்டைப்பட அலங்காரம்.

மாற்று எளிது. நூறு பேருக்கு 5 கிலோ கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறப்போட்டு வேகவைத்தால் ஆளுக்கு ஏறக்குறைய 100 கிராம் சுண்டல் வரும். உப்பு மொத்தம் 50 கிராமைத் தாண்ட வேண்டாம். தேங்காயைப் பரிமாறும்போதுதான் தூவ வேண்டும். வெயிலில் முதலில் கெடுவது அதுதான். கம்பங்கூழ், மோர், கொய்யாவும் கொடுக்கலாம். கூழுக்கு ஊறுகாயும் மோர் மிளகாயும் வைத்தால் உப்பு அங்கே ஏறிவிடும், ஒரு நாளைய வரம்பே 5 கிராம்தான். சின்ன வெங்காயமோ மாங்காய்க் கீற்றோ போதும்.

நடை மட்டும் போதாது. வாரத்தில் இரண்டு நாள் தசைக்கும் வேலை வேண்டும். பூங்காவில் திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவி இல்லாவிட்டால் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதை 10 முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவதை 10 முறை செய்யச் சொல்லுங்கள். பெண்கள் வரவில்லை என்று வருத்தப்படுமுன் பாதையில் தெருவிளக்கு எரிகிறதா, கழிப்பறை திறந்திருக்கிறதா என்று விடிகாலை 5 மணிக்குப் போய்ப் பாருங்கள்.

முகாமில் ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் வந்தவருக்கு அன்றே நோய் என்று முத்திரை குத்த வேண்டாம். வேறொரு நாளில் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். உறுதியானால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக மாத்திரை வீட்டுக்கே வரும். அதனால் பதிவேட்டில் அளவோடு போன் நம்பரையும் எழுதிக்கொண்டு, ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டு “ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?” என்று கேட்க ஒருவரை முகாமுக்கு முன்பே நியமித்துவிடுங்கள்.