பிளேபென்னுக்குள் மெத்தை எதற்கு? குழந்தைத் தடுப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டு உறவினர் அனுப்பியதோ கொழும்பிலிருந்து கொண்டுவந்ததோ, குழந்தையை உள்ளே விட்டுவைக்கும், வலைச் சுவருள்ள மடக்குத் தடுப்பான பிளேபென் இன்று மலையகத் தோட்டத்து லயத்து இஸ்தோப்பிலும் (முன் விறாந்தையிலும்) ஏழு பேர்ச் காணியில் எழும்பிய புதிய வீடுகளிலும் இடம்பிடித்துவிட்டது. தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவத்திலும் பின்னர் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்திலும் குழந்தைகளைப் பார்த்துவரும் எனக்கு, எங்கள் காலத்துப் பிழைகளையே இளம் தாய்மார் திரும்பவும் செய்வதைக் காணும்போது எழுதாமல் இருக்க முடியவில்லை. குழந்தையைத் தனியே விட்டுப் போகக் கூடாது என்பது போன்ற, எல்லோரும் அறிந்த விடயங்களை இங்கே விட்டுவிடுகிறேன்.

குளிருக்குப் பயந்து உள்ளே மெத்தை போடுவது

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி விடியலில் துகள் உறைபனி விழும் ஊர்கள் எங்களுடையவை. பிளேபென்னோடு வரும் அடித்தட்டோ மெல்லியது, கடினமானது. அதைத் தொட்டுப் பார்த்த உடனேயே வீட்டுப் பெரியவர்கள் பஞ்சு மெத்தையை இட்டு, அதன்மேல் கம்பளியை விரித்து, சுற்றிலும் தலையணைகளை அடுக்கிவிடுகிறார்கள்.

தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு வீட்டில், ஐந்து மாதக் குழந்தையை இப்படித்தான் கிடத்தியிருந்தார்கள். மெத்தை ஓரத்துக்கும் பக்கத்து வலைக்கும் நடுவே என் கையை விட்டேன். வலை வெளியே பிதுங்கி இடங்கொடுக்க, கை மணிக்கட்டு வரை இறங்கியது. "இந்தக் குளிர்ல பச்சப் புள்ளய வெறும் தட்டுலயா போடச் சொல்றீங்க டீச்சர்?" என்று குழந்தையின் அப்பாயி வருத்தத்தோடு கேட்டார். அவருடைய கவலை நியாயமானது. ஆனால் என் கை போன அந்த இடைவெளிக்குள் குழந்தையின் முகமும் போகும். உருளத் தெரிந்து, சிக்கிய தலையைத் திருப்பி எடுக்கத் தெரியாத வயது அது. மெத்தைப் பக்கம் மூக்கு அழுந்தினால் குழந்தை அழக்கூட முடியாமல் மூச்சுத் திணறும். அடுத்த அறையில் இருப்பவருக்கு எந்தச் சத்தமும் கேட்காது. வலை என்பதால் காற்று வரும் என்று பலர் நம்பியிருக்கிறார்கள். ஒரு பக்கம் மெத்தையும் மறுபக்கம் குழந்தையின் சொந்தப் பாரமும் அழுத்தும்போது அந்த நம்பிக்கை உதவாது.

கொஞ்சம் வளர்ந்த குழந்தைக்கு அதே மெத்தை வேறு விதத்தில் ஆபத்தாகிறது. பக்கச் சுவர் உள்தளத்திலிருந்து குறைந்தது 20 அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். 28 அங்குல உயரமுள்ள பத்து மாதக் குழந்தை பிடித்து எழுந்து நிற்கும்போது அந்த விளிம்பு நெஞ்சருகில் வரும். நான்கு அங்குல மெத்தையைப் போட்டால் அது வயிற்றுக்கு இறங்கிவிடும்; எட்டிப் பார்த்தால் தலைப்பாரத்திலேயே சீமெந்துத் தரையில் விழும். தலையணை இருந்தால் அதன்மேல் ஏறி நிற்கவும் குழந்தை சீக்கிரம் கற்றுக்கொள்ளும்.

இவ்வளவுக்குப் பிறகும், பிளேபென்னுக்கென்றே தடித்த மெத்தையைத் தனியாகக் கடைகளில் விற்கிறார்கள் என்பதுதான் எனக்கு இன்றும் ஆத்திரத்தைத் தருகிறது. குழந்தையின்மேல் உள்ள பாசத்தைக் காட்டித்தான் அதை வாங்க வைக்கிறார்கள்.

குளிர் பெரும்பாலும் தரையிலிருந்து ஏறுகிறது. ஆகவே தடுப்பும் தரைக்கும் தட்டுக்கும் இடையில்தான் இருக்க வேண்டும். பிளேபென்னின் கால்களுக்கும் அடித்தட்டுக்கும் கீழே காய்ந்த சாக்கையும் பழைய கம்பளத்தையும் விரியுங்கள். ஈரச் சுவரிலிருந்தும் வாசலிலிருந்தும் தள்ளி வையுங்கள். உள்ளே அதனோடு வந்த தட்டைத் தவிர வேறெதுவும் வேண்டாம். சூட்டை உடுப்பில் கொடுங்கள்: உள்ளாடை, ஸ்வெட்டர், காலுறை. கை கால் குளிர்ந்திருப்பதைப் பார்த்துப் பதறாமல், பிடரியையோ நெஞ்சையோ தொட்டுப் பாருங்கள். பிடரி வியர்த்திருந்தால் ஓர் உடுப்பைக் கழற்ற வேண்டும், ஏனெனில் அளவுக்கு மீறிய சூடும் உறங்கும் குழந்தைக்கு ஆபத்துத்தான். அந்த அப்பாயியின் வீட்டில் சாக்கை விரித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் தட்டைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். மெத்தையை அவரே மடித்து உள்ளே கொண்டுபோனார்.

அறைக்குள் கரிச்சட்டி

மூடிய அறையில் தணல் வைக்கக் கூடாது. அதிலிருந்து வரும் நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

படியின் உச்சியில் இறுக்கிப் பொருத்தும் தடுப்பு

திருகாணி இல்லாமல் இரு சுவர்களுக்கிடையே இறுக்கி நிறுத்தும் தடுப்பு, இரண்டு அறைகளுக்கு நடுவே வைக்க ஏற்றது. சரிவில் கட்டப்பட்ட எங்கள் வீடுகளின் வாசற்படி உச்சிக்கு அது ஒருபோதும் ஆகாது. பழைய லயத்துச் சுவரில் சாந்து உதிர்வதால், குழந்தை இரண்டு முறை உலுக்கினாலே பிடி நழுவிவிடும். அங்கே கதவு நிலையின் மரத்தில் திருகாணி இறக்கிப் பொருத்தும் தடுப்பே வேண்டும். அது படிப்பக்கம் திறக்காமல் வீட்டுப்பக்கம் திறக்க வேண்டும்.

தச்சுப் பாஸிடம் அளவு சொல்லாமல் செய்விப்பது

மரத் தடுப்பைச் செய்யும் பாஸ் அழகுக்காகக் குறுக்குச் சட்டங்களை வைப்பார். குழந்தைக்கு அவை ஏணியாகிவிடும். நெடுக்குச் சட்டங்களே வேண்டும், இடைவெளி 6 சென்ரிமீற்றருக்கு மேற்படக் கூடாது. சோடா டின் நுழையும் இடைவெளி என்றால் அது பெரிது என்று கொள்ளலாம். இழுத்து விரிக்கும்போது தலை சிக்கக்கூடிய வைர வடிவ இடைவெளிகள் விழும் விரிதடுப்பை இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

கைமாறி வந்த பிளேபென்

மேற்கம்பிகளின் பூட்டு நான்கு பக்கமும் சத்தத்தோடு விழுகிறதா என்று ஒவ்வொரு முறையும் கையால் அழுத்திப் பாருங்கள். 1998இல் சிகாகோவில் ஒரு குழந்தைப் பராமரிப்பாளர் வீட்டில், மடக்கும் கட்டிலின் கம்பி நடுவில் மடிந்து ஒரு குழந்தையின் கழுத்தை நெரித்துக் கொன்றது. அந்த வகைக் கட்டிலைத் திரும்பப் பெறுவதாக 1993லேயே அறிவித்திருந்தார்கள். அந்தச் செய்தி அந்த வீட்டை எட்டவில்லை. பழைய பொருளைத் தருபவரிடம் அதன் பெயரையும் மாதிரியையும் கேட்டு, இணையத்தில் தேடிப் பார்த்த பிறகே குழந்தையை இறக்குங்கள்.

சேலைத் தொட்டிலின் கயிறு

பிளேபென்னுக்கு மேலே எதுவும் தொங்கக் கூடாது.

தேநீர்க் கோப்பை

பிளேபென்னின் விளிம்பில் வைக்காதீர்கள், ஒரு நிமிடத்துக்குக்கூட.

ஏறத் தொடங்கிய பிறகும் நிறுத்தாமல் இருப்பது

பெரும்பாலான பிளேபென்களுக்கு உயரம் 89 சென்ரிமீற்றர், எடை 14 கிலோ என்பதே எல்லை. ஆனால் குழந்தை ஒரு காலைத் தூக்கி விளிம்பில் போட்டுவிட்டால், எடையும் உயரமும் எவ்வளவாக இருந்தாலும் அன்றே அதை மடித்து வையுங்கள். அதன் பிறகு ஓர் அறையைப் பாதுகாப்பாக்குவதே வழி: மேசையையும் அலுமாரியையும் சுவரோடு பிணைத்து, வாசலில் திருகாணித் தடுப்பைப் போட்டு, கையைப் பிடித்தபடி படியில் பின்புறமாகத் தவழ்ந்து இறங்க நாள்தோறும் பழக்க வேண்டும்.