இடுப்பில் தொடங்கிக் காலில் இறங்கும் வலி: எதுவரை என்று எழுதுங்கள்

இடுப்பு வலி என்று மட்டும் சொன்னால் டாக்டருக்குப் பாதிதான் புரியும். வலி எதுவரை இறங்குகிறது என்பதுதான் சேதி. புட்டத்தில் தொடங்கி, தொடைப் பின்புறமாக முழங்காலைத் தாண்டி, ஒரு காலில் மட்டும் சுரீரென்று ஓடினால் சயாட்டிகாவாக, அதாவது இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு அழுத்தப்படுவதால் வரும் வலியாக இருக்கலாம். இரண்டு பாதமும் ஒன்றுபோல எரிந்தால் சர்க்கரையைப் பாருங்கள். நடக்கும்போது கெண்டைக்கால் பிடித்து, நின்றதும் விட்டுவிட்டால் ரத்தக் குழாயைச் சோதிக்க வேண்டும்.

வலி உள்ளவரைப் பாயில் மல்லாந்து படுக்கச் சொல்லி, முழங்கால் மடங்காமல் குதிகாலைப் பிடித்து மெதுவாக உயர்த்துங்கள். 30 முதல் 70 டிகிரிக்குள் அதே வலி முழங்காலுக்குக் கீழே ஓடினால் நரம்பு இழுபடுகிறது. அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். தொடைப் பின்புறம் இறுகுவது வெறும் தசை, கணக்கில் சேராது. பிறகு பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) குதிகாலால் பத்து எட்டு, முன்பாதத்தில் பத்து எட்டு நடக்கட்டும். குதிகால் நடையில் பாதம் தொங்கி, கட்டைவிரல் மரத்தால் பெரும்பாலும் எல்5, அதாவது இடுப்புப் பகுதி முதுகெலும்பின் ஐந்தாவது நரம்பு. முன்பாதத்தில் எம்ப முடியாமல் சுண்டுவிரல் ஓரம் மரத்தால் அதற்கு அடுத்துக் கீழே உள்ள எஸ்1 நரம்பு.

இதற்கென்று ஒரு நோட்டு போடுங்கள். ஒரு நாள் குறிப்பு இப்படி இருக்கலாம்: "காலை 7 மணி. வலி 10-க்கு 6. கெண்டைக்கால் வரை. உட்கார முடிந்தது 15 நிமிடம், நடந்தது 8 நிமிடம். சுண்டுவிரல் மரப்பு." சாப்பிட்ட மாத்திரையின் பெயர், அளவு, நேரமும் வேண்டும். மதிப்பெண்ணை மட்டும் எழுதுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்: பாதம் வரை போன வலி புட்டத்தோடு நின்றால், இடுப்பில் சற்றுக் கூடினாலும் அது குணமாகும் அறிகுறி. இது தெரியாமல் பலர் அந்த நேரத்தில் பயிற்சியை விட்டுவிடுகிறார்கள்.

பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரத்தில் தணியும். படுக்கை ஓரிரு நாளுக்கு மேல் வேண்டாம். வளவை (வீட்டு உள்முற்றத்தை) சுற்றி ஐந்தைந்து நிமிடமாகப் பலமுறை நடப்பது மேல். ஆத்தங்குடிக் கல் தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் காய் நறுக்குவதும், குந்தியபடி முறுக்கு பிழிவதும் முதுகை வளைத்து, முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வை அழுத்தும். ஆச்சிமார் இந்த வேலைகளைச் சில வாரம் மேசைக்கு மாற்றட்டும். மரத்த இடத்தில் ஒத்தடம் கொடுக்காதீர்கள், வெந்துபோனாலும் தெரியாது.

டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை, வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கடையில் கேட்டு வாங்கக் கூடாது. 2017-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், நரம்பு வலிக்குக் கொடுக்கும் ப்ரீகேபலின், மருந்தில்லாத மாத்திரையைவிட இந்த வலியைக் குறைக்கவில்லை. எம்ஆர்ஐ-க்கு உடனே ஓட வேண்டாம். வலியே இல்லாதவர்களுக்கும் ஜவ்வு பிதுங்கல் தெரியும். 6 வாரமாகியும் குறையாவிட்டால் எடுக்கலாம். பாதம் தொங்கினாலோ பலவீனம் கூடினாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

மூத்திரம் வராமல் அடைத்தாலோ, தெரியாமலே ஒழுகினாலோ, மலம் கட்டுப்படாவிட்டாலோ, உட்காரும் இடமும் பிறப்புறுப்பும் மரத்தாலோ, இரண்டு காலும் வலுவிழந்தாலோ ஒரு இரவுகூடப் பொறுக்காதீர்கள். 108-ஐ அழைத்து, நரம்பு அறுவை சிகிச்சை வசதியுள்ள மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற இடத்துக்குப் போங்கள். நோட்டையும் கொண்டுபோங்கள், கடைசியாக மூத்திரம் போன நேரம் அதில் இருக்கட்டும்.